வெர்ஷோ ஊர்ப் புத்தகம்

அமெரிக்காவில் ஏழாம் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் ஸ்பானிஷ் எடுத்தபோது நான் மட்டும் பிரெஞ்சு எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது சரியில்லை, அப்பா எடுக்க வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் அம்மா பக்கம் தள்ளிவிடுகிறவர், அந்த ஒரு படிவத்தை மட்டும் தன் கையாலேயே நிரப்பினார். ஸ்பானிஷ் வகுப்பில் மாதம் ஒரு தடவை டாக்கோ செய்து சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அழுதேன். "பிரெஞ்ச்தான். அவ்ளோதான்" என்றார் அப்பா. காரணம் சொல்லவில்லை.

காரணம், நான் பார்த்தே இராத என் பெரியப்பா.

அப்பாவுக்குக் காரைக்கால். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலையும் புதுச்சேரியையும் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பதினெட்டு வயது நிரம்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒரு வாய்ப்புத் தந்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாத்தா போடவில்லை. ஆறு வயது அப்பா தாத்தாவின் கணக்கில் இந்தியர் ஆனார். ஒரே பாயில் படுத்துத் தூங்கிய அண்ணனும் தம்பியும் ஒரு கையெழுத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். பதினைந்து வருஷம் கழித்து வெளியே வந்தவர், ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அவளுடைய ஊரிலேயே தங்கிவிட்டார். அந்த ஊரின் பெயர் வெர்ஷோ. பிரெஞ்சில் எழுதும்போது ஒன்பது எழுத்து வரும், சொல்லும்போது பாதியை விழுங்கிவிட வேண்டும். கோதுமை வயல்களும் வெள்ளை மாடுகளும் ஒரு மாதா கோயிலும் இருநூறு ஜனங்களும் உள்ள ஊர். பெரியம்மாவின் குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த குடும்பம். குழந்தை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் பெரியம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகும் பெரியப்பா ஊரை விட்டுக் கிளம்பவில்லை.

இதற்கு நடுவில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, தாத்தா காலமானார். அந்தக் கதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பெரியவன் எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது" என்று தாத்தா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சேதி கேட்ட பெரியப்பா விமானம் ஏறி, மறுநாள் மதியம் மெட்ராஸிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். மூத்த பிள்ளை அல்லவா, யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு வந்து நின்றார். சொந்தக்காரர்கள் அவரைத் தாண்டி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா போய்க் கொள்ளிச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணன் செய்யட்டும்னு உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். வாயத் தொறக்கல" என்பாள் அம்மா. "அவரு சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு ஓரமா நின்னாரு பாரு. அத என்னால மறக்கவே முடியாது."

அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் கடிதம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரி கடைசியில், பிரான்சிலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் மட்டும் வரும். வெர்ஷோவின் நகராட்சி, அதாவது ஒரு மேயரும் ஒரு காரியதரிசி அம்மாளும் ஒரு பூட்டுப் போட்ட அலமாரியும், வருஷா வருஷம் ஊர் ஜனங்களுக்காக அச்சடிக்கும் புத்தகம் அது. உறையின் மூலையில் பெரியப்பா தமிழில் "தம்பிக்கு" என்று எழுதியிருப்பார். வேறு ஒரு வார்த்தை இருக்காது. அப்பாவும் வீடு மாறும்போதெல்லாம் ஒரு கார்டு போடுவார். அதில் புது முகவரியைத் தவிர ஒன்றும் இருக்காது. இருவரும் கோபமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கோபக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக முகவரி கொடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மெண்ட்டில், கிரீன் கார்டு காகிதங்கள் இருந்த இழுப்பறையில்தான் அந்தப் புத்தகங்களும் இருந்தன. பாஸ்போர்ட், ஐ-94, பிறப்புச் சான்றிதழ், அடியில் வெர்ஷோ. நான் பிரெஞ்சு படிக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும், அப்பா அந்தப் புத்தகங்கள் அத்தனையையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்றியா பாப்பா?"

எனக்கு அப்போது 'என் பெயர் இது, எனக்கு ஒரு பூனை இருக்கிறது' என்ற அளவுக்கு பிரெஞ்சு தெரியும். பூனையும் கிடையாது. ஆனாலும் அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்பது புதிதாக இருந்ததால், "ஷ்யூர்ப்பா" என்றேன்.

லைப்ரரியிலிருந்து தடிமனான அகராதியை எடுத்து வந்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் இரண்டு பக்கம் 'நம் ஊரின் வரலாறு' என்று வரும். அதன் அடியில் இருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது அப்பா பாதி எழுந்துவிட்டார். அது பெரியப்பாவின் பெயர். காரைக்காலில் பிறந்து பட்டாளத்தில் இருந்த மனுஷன், அந்த ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ஊர்க் கதையை எழுதிக்கொண்டிருந்தார்.

"அவங்க ஊரு கதைய எழுத அவங்கள்ல ஒருத்தர் இல்லையாமா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். அப்பா சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சிரித்து நான் பார்த்தது அந்த இலையுதிர் காலத்தில்தான்.

நான் முதலில் மொழிபெயர்த்த கட்டுரை பெரிய கூத்தாகப் போயிற்று. ஊர் நடுவில் ஓடும் வாய்க்காலை மறித்துக் கல்லால் கட்டி, மேலே ஓட்டுக் கூரை போட்டு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் திங்கட்கிழமை காலையில் கூடி உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசும் கழிப்பறை என்று நான் சொன்னேன். அம்மா "சீ" என்றாள். அப்பா நெற்றியைச் சுருக்கினார். அகராதியைத் திரும்பப் பார்த்துவிட்டு, "சாரிப்பா. அது லாவட்டரி இல்ல. துணி தொவைக்கிற எடம்" என்றேன். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நான் மிச்சத்தைப் படித்தேன். பெண்கள் வைக்கோல் அடைத்த மரப்பெட்டிக்குள் முட்டி போட்டுக்கொண்டு துவைத்ததையும், வீடு வீடாக வாஷிங் மிஷின் வந்த பிறகு அங்கே தவளைகள் மட்டும் மிஞ்சியதையும் பெரியப்பா எழுதியிருந்தார். அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "போய் ஒக்காந்து கேட்டு எழுதியிருக்காரு பாரு" என்றார்.

இன்னொரு வருஷத்துப் புத்தகத்தில் முதல் உலகப்போர் தொடங்கிய நாளைப் பற்றி இருந்தது. அறுப்புக் காலம். பட்டப்பகலில் மாதா கோயில் மணி விடாமல் அடித்திருக்கிறது. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் வயலிலிருந்து வாளியோடு ஓடி வந்திருக்கிறார்கள். வாசலில் நின்றவர் யுத்தம் என்றாராம். வாளியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்கள் என்று பெரியப்பா எழுதியிருந்தார். ஆண்கள் போனார்கள், அடுத்த வாரம் வண்டிக் குதிரைகளும் போயின. மிச்சக் கோதுமையைப் பெண்களும் கிழவர்களும் அறுத்தார்கள்.

அந்தப் போரில் செத்தவர்களுக்காக ஊர் நடுவில் ஒரு நினைவுக்கல். அதில் பதினெட்டுப் பெயர்கள். பெரியப்பா ஒவ்வொரு பெயருக்கும் உரிய வீட்டைத் தேடிப் போய், போட்டோ பார்த்து, கடிதம் படித்து, மூன்று வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தார். பதினேழு பெயருக்கு வீடு கிடைத்தது. பதினெட்டாவது ஆளுக்குக் கிடைக்கவில்லை. அவன் அநாதை விடுதியிலிருந்து பண்ணை வேலைக்கு வந்த பையன். ஊரில் அவனுக்கு யாருமில்லை. அவன் எந்த மாட்டுக் கொட்டகைக்கு மேலே வைக்கோலில் படுத்தான் என்பதைத்தான் பெரியப்பாவால் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தக் கட்டுரையின் கடைசி வரியைச் சரியாகச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. 'அவன் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் பெயரில்தான் செத்தான். ஆகவே அவனும் நம் வீட்டுப் பிள்ளை.'

அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்வெட்டர்கூட இல்லாமல் ரொம்ப நேரம் நின்றார். நான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்று பயந்தேன்.

உள்ளே வந்ததும் அம்மாவிடம், "அண்ணனுக்கு லெட்டர் எழுதப் போறேன்" என்றார்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சா?" என்றாள் அம்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எழுதுங்க. அன்னைக்கு வாயத் தொறக்காதத எழுதுங்க மொதல்ல" என்றாள்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமையும் நான் மேசையின் ஒரு முனையில் மொழிபெயர்த்தேன், அப்பா மறுமுனையில் எழுதினார். எழுதியதைவிடக் கிழித்தது அதிகம். நடுநடுவே நிமிர்ந்து, கேட்காமலே எதையாவது சொல்வார். காரைக்கால் கடற்கரைக்கு அண்ணன் அவரைத் தோளில் உட்கார வைத்துக் கூட்டிப்போனது, அரசலாற்றில் நீச்சல் பழக்குகிறேன் என்று தள்ளிவிட்டுத் தானும் பதறிக் குதித்தது. கிரீன் கார்டு வந்ததும் நாங்கள் மூன்று பேரும் வெர்ஷோவுக்குப் போவது என்று முடிவாயிற்று. அது வரும்வரை அமெரிக்காவை விட்டுக் கால் எடுத்து வைக்க அப்பாவுக்குப் பயம். போனால் நான்தான் எல்லோருக்கும் பேச வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று, "நான் அவருடைய தம்பி மகள்" என்று பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரம் அப்பா கடிதத்தைத் தபாலில் போட்டார்.

பதில் வரவில்லை. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் தபால் தாமதமாகும் என்றார். தினமும் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் முன்பே, "போஸ்ட் வந்துச்சா?" என்பார்.

ஜனவரி கடைசியில், பனி கொட்டிய ஒரு மதியம், பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கித் தபால் பெட்டியைத் திறந்தேன். புத்தகம் வந்திருந்தது. ஆனால் முகவரி டைப் அடித்திருந்தது. உறையின் மூலையில் "தம்பிக்கு" இல்லை.

அதற்குள் அந்தப் புத்தகங்கள் என்னுடையவை என்ற நினைப்பு எனக்கு வந்திருந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். வரலாற்றுப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போட்டோ. நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டுப் போட்டு, கையில் ஒரு தாளோடு பெரியப்பா. அப்பாவின் அதே நெற்றி. கீழே கொட்டை எழுத்தில் 'அவர் நம்மை விட்டுப் போனார்' என்றிருந்தது. அகராதி தேவைப்படாத அளவுக்கு எனக்கு அந்த வினைச்சொல் தெரியும். வேறு ஊருக்குக் குடி போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஒருவேளை எங்களைப் பார்க்கத்தான் கிளம்பிவிட்டாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே எப்போதும் அந்த வருஷத்துப் பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று மூன்று பட்டியல் இருக்கும். பிறப்பு ஒன்று. கல்யாணம் இல்லை. மூன்றாவது பட்டியலில் நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் பெரியப்பாவுடையது. நவம்பர் மாதத் தேதி.

அப்பாவின் கடிதம் தபாலில் போவதற்கு மூன்று வாரம் முன்பு.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அப்பா வருத்தப்படுவார் என்பதால்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிடச் சின்னது. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிடும். இழுப்பறை மூடிவிடும். அப்பா மறுபடியும் பேசாத அப்பாவாகிவிடுவார். அதற்குத்தான் பயந்தேன். புத்தகத்தைப் பாயின் அடியில் — அமெரிக்காவில் அது மெத்தை — ஒளித்து வைத்தேன்.

இரண்டு வாரம் தாங்கினேன். "இந்த வருஷம் புக்கும் வரல. லெட்டரப் பாத்துட்டுக் கோவம் ஜாஸ்தியாயிடுச்சு போல" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அவர் மாலையில் சாப்பிட்டுக்கொண்டே பாதித் தட்டோடு எழுந்து போக ஆரம்பித்தார். அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புத்தகத்தின் நடுவிலிருந்த பின்னை நகத்தால் நெம்பி, போட்டோ இருந்த தாளையும் கடைசித் தாளையும் உருவி எடுத்தேன். பழைய உறை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, புது உறையின் மூலையில் "தம்பிக்கு" என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர் உண்டு. பிறகு நோட்டில் ஒரு கதை எழுதினேன்.

அந்த ஞாயிறு, "புக் வந்திடுச்சுப்பா" என்று நீட்டியபோது அப்பா முதலில் உறையைத்தான் பார்த்தார். மூலையிலிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். அப்போதே கண்டுபிடித்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "படி" என்றார்.

ஊருக்குப் புதுச் சாக்கடைக் குழாய் போட்டது பற்றிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என் கதையைப் படித்தேன். வெர்ஷோவில் முன்னொரு காலத்தில் விவசாயக் குடும்பத்தில் அண்ணன், தம்பி இரண்டு பேர். அவர்களுடைய அப்பா செத்ததும், அண்ணனுக்குச் சேர வேண்டிய குதிரையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடி போய்விட்டான். பல வருஷம் கழித்து ஒரு மழை நாளில் தம்பி ஆற்றைத் தாண்டிப் போனான். கதவைத் தட்டக் கை வைத்தால் கதவு திறந்துகொண்டது. பூட்டவே இல்லை. அத்தனை வருஷமும் பூட்டவில்லை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்றான்.

அப்பா வெகுநேரம் சாக்கடைக் குழாய்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரா? பிரெஞ்ச்ல அத எப்படிப் போட்டிருக்கு?"

நல்லவேளை அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்திருந்தது. "ஆ த்யு மான்ஷே" என்றேன். அப்பா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பின்னால் நின்றாள்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அப்பா புத்தக அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் நகராட்சியின் தொலைபேசி எண்ணும், திங்கள், வியாழன் மதியம் மட்டும் திறந்திருக்கும் என்ற குறிப்பும் இருந்தன.

"அடுத்த மண்டே பிரசிடெண்ட்ஸ் டே. உனக்கும் லீவு, எனக்கும் லீவு" என்றார். "அங்க போன் பண்ணி அண்ணன் நம்பர் கேளு. நீதான பேசணும்."

அந்த ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அங்கே அப்போது மதியம் மூன்று, அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, காலிங் கார்டைச் சுரண்டி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி அடித்ததும் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, தன் காதையும் அதனருகில் கொண்டுவந்தார்.

காரியதரிசி அம்மாள்தான் எடுத்தார். நான் கண்ணாடி முன்னால் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். "நான் அவருடைய தம்பி மகள்."

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள், குழந்தையிடம் பேசுகிறோம் என்று தெரிந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். அவர் நிறுத்திப் பேசியதுதான் வினையாயிற்று. எல்லாச் சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. அதில் ஒரு சொல் "மொர்", சாவு. அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியாதுதான். ஆனால் காரைக்காலில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல் தெரியும்.

அப்பா என் தோளைப் பிடித்தார். "என்ன சொல்றாங்க?"

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாப்பா. என்ன சொல்றாங்கன்னு கேக்கறேன்."

"பெரியப்பா... நவம்பர்லயே... ஹார்ட் அட்டாக்காம்."

போனில் அந்த அம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். ஏன் மொழிபெயர்த்தேன் என்று தெரியவில்லை. அந்த வேலை பழகிப்போயிருந்தது.

"புக்ல போட்டிருக்கோமே, பாக்கலையான்னு கேக்கறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவர் முகத்தில் கோபம் வருவதற்காக நான் காத்திருந்தேன், வரவில்லை. அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் உறையிலிருந்த முகவரிக்குத்தான் புத்தகத்தை அனுப்பினோம். உறையின் மூலையில் ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. பிரிக்காமல் வைத்திருக்கிறோம். திருப்பி அனுப்பிவிடவா?

இதையும் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்கிங் லாட்டில் ஒருவர் காரின் மேலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டி முடிக்கும்வரை அப்பா அதையே பார்த்தார்.

"அங்கயே இருக்கட்டும்னு சொல்லு."

அதற்கான பிரெஞ்சு எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் அவர் எழுதிய ஊர்க் குறிப்புகள் இருக்கும் பெட்டியில், அலமாரியில் வைத்துவிடுகிறேன் என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு வெர்ஷோவின் வரலாற்றில் தமிழில் ஒரு கடிதம் சேர்ந்தது. அதில் அப்பா என்ன எழுதியிருந்தார் என்று எனக்கும் தெரியாது, அவருடைய அண்ணனுக்கும் தெரியாது.

அப்பா நேராகக் குளியலறைக்குப் போனார். துக்கம் கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும்தான். இஸ்திரிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஷவரின் கீழே போய் நின்றார். கதவு மூடியிருந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா துண்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஈரத் தலையோடு வெளியே வந்ததும், "அந்தப் பக்கத்த எடுத்துட்டு வா" என்றார். மெத்தைக்கு அடியிலிருந்த தாள்களைக் கொடுத்தேன். போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னையே படிக்கச் சொன்னார். மேயர் எழுதியிருந்தார். ஒவ்வொரு நவம்பரும் நினைவுக்கல் முன்னால் நின்று பதினெட்டுப் பெயரையும் வாசிப்பவர் பெரியப்பாதான். போன நவம்பரும் வாசித்தார். நான்கு நாள் கழித்துக் காலமானார். மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அவருடைய உறவினர்களின் முகவரி அப்போது எங்களுக்குக் கிடைக்காததால், முதல் பிடி மண்ணை ஊர் சார்பில் மேயரான நான் போட்டேன்.

இந்தத் தடவை நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு முடித்ததும் நான் என் அறைக்குள் போய்விட்டேன். அப்பா கதவைத் தட்டிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் தொப்பி போட்டிருந்தார்.

"அந்த அண்ணன் தம்பி கதை. நீ எழுதினது. அத இன்னொரு தடவ படிக்கிறியா?"

தண்டனை என்று நினைத்தேன். எங்கள் பள்ளியில் காப்பியடித்தவர்களை எழுந்து நின்று, அடித்ததை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். அதுபோல ஒன்று என்று நினைத்தேன். 

"கிழிச்சுப் போட்டுட்டேன்பா" என்றேன்.

"சரி" என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகுதான் நோட்டை எடுத்து அந்தத் தாளைக் கிழித்தேன், சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, பொடிப்பொடியாக.

இரண்டு வருஷம் கழித்துக் கிரீன் கார்டு வந்தது. அப்பா வெர்ஷோவுக்குப் போகவில்லை. அந்தக் கதையையும் மறுபடி கேட்கவில்லை. அது பொய் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வந்து கேட்டார். அவரை மன்னித்த அண்ணன் அந்த ஒரு தாளில் மட்டும்தான் இருந்தார் என்பது அன்றைக்கு எனக்குத்தான் தெரியவில்லை.